பேஜார் எந்த ஊர்ச் சொல்? சிகாகோ அகராதித் தளத்துக்கு ஒரு விமர்சனம்

பழைய தமிழ்ப் படங்களுக்கு ஆங்கிலத்தில் சப்டைட்டில் எழுதுவது என் தொழில். கதாநாயகன் பக்கம் பக்கமாகச் செந்தமிழ் பேசினாலும் சமாளித்துவிடலாம். ரிக்‌ஷாக்காரரோ மீன் விற்கும் அம்மாவோ ஜேப்படிக்காரனோ வாயைத் திறந்தால்தான் எனக்கு வேலை கூடும். ராயபுரத்தில் வளர்ந்தவள் என்பதால் மெட்ராஸ் பாஷை எனக்குப் புரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் புரிவது வேறு, ஒரு சொல் அறுபது வருடத்துக்கு முன்னால் எவ்வளவு காரமாக இருந்தது என்று தெரிந்துகொள்வது வேறு. 'கஸ்மாலம்' இன்றைக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. அன்றைக்கு அது சண்டையை வரவழைத்திருக்குமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வரி எழுத முடியாது.

இதற்கு நான் பயன்படுத்துவது சிகாகோ பல்கலைக்கழகம் நடத்தும் 'டிஜிட்டல் சவுத் ஏசியா லைப்ரரி' என்ற இணையதளத்தின் அகராதிப் பகுதி. இலவசம். பெயர் பதிய வேண்டாம், விளம்பரம் கிடையாது, 'ஆப்பை இறக்குங்கள்' என்று நச்சரிப்பதும் இல்லை. தெற்காசிய மொழிகளின் பழைய அகராதிகள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றைத் திறந்து, சொல்லை அடித்துத் தேட வேண்டியதுதான். ஆராய்ச்சி மாணவர்களும் புலவர்களும் இதைப் பற்றி நிறையச் சொல்லியிருப்பார்கள். நான் பார்ப்பது ஒரே கோணத்தில்: தெருவில் பேசிய பழைய சொற்களின் பூர்வீகத்தை இங்கே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் பாதிச் சொற்களுக்கு விடை தமிழ் அகராதியில் இல்லை, பக்கத்து வீட்டு அகராதிகளில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் இந்தத் தளம் எனக்குப் பயன்பட ஆரம்பித்தது.

முதலில் தமிழ்ப் பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பெரிய சொத்து, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, பின்னிணைப்பு 1939இல் முடிந்தது. 1926இலிருந்து பதிப்பாசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை. சொல்லுக்குப் பக்கத்திலேயே அது எந்த மொழியிலிருந்து வந்தது என்ற குறிப்பு, பிறகு ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள், பேச்சு வழக்கா வட்டார வழக்கா என்ற அடையாளம் எல்லாம் இருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு அந்த மொழிக் குறிப்புதான் உயிர்.

அடுத்தது வின்ஸ்லோவின் அகராதி, 1862. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வேலை பார்த்த அமெரிக்கப் பாதிரியார் மைரன் வின்ஸ்லோ தொகுத்தது. உயர்ந்த தமிழுக்கும் தாழ்ந்த தமிழுக்கும் சேர்த்தே அகராதி என்று தலைப்பிலேயே போட்டிருப்பார். 'தாழ்ந்த' என்று சொன்னதற்கு இன்று நாம் கோபப்படலாம். அவர் அதைச் சேர்த்துக்கொண்டதால்தான் எனக்குச் சோறு. மூன்றாவது ஃபெப்ரீஷியஸ். இதன் முதல் பதிப்பு 1779இல் வேப்பேரியில் அச்சானது. புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இங்கிலீஷ்காரர்கள் அள்ளிக்கொண்டு வந்த அச்சுக்கூடம் அது. தளத்தில் இருப்பது 1972இல் தரங்கம்பாடியில் வந்த நான்காம் பதிப்பு.

இனி பக்கத்து வீடுகள். உருதுவுக்கு ஜான் பிளாட்ஸ் (1884), பாரசீகத்துக்கு ஸ்டைன்காஸ் (1892), தெலுங்குக்கு சி. பி. பிரௌன், இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் பேசிய கலப்படத்துக்கு 'ஹாப்சன்-ஜாப்சன்'. மெட்ராஸ் பாஷையைத் தேடுகிறவர் இந்த நான்கையும் தனித்தனி டேப்பில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆற்காட்டு நவாப் 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த ஊர் இது. தெலுங்கர்கள் அதற்கும் முன்பிருந்தே இருக்கிறார்கள். அப்புறம் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன். சொற்கள் மட்டும் வேறு எங்கிருந்து வந்திருக்கும்?

பேஜாரை எடுத்துக்கொள்வோம். பிளாட்ஸில் 'பேஸார்' என்று தேடினால் கிடைக்கும். பாரசீகச் சொல். சலித்துப்போன, வெறுத்துப்போன என்று பொருள். இங்கே கவனிக்க வேண்டியது, உருதுவில் அது பாதிக்கப்பட்டவனைக் குறிக்கிறது. வாழ்க்கை வெறுத்தவன் பேஸார். நம்மூரில் அது வெறுக்க வைக்கிற விஷயத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. 'ஒரே பேஜாரா கீது' என்றால் தொல்லை, 'பேஜார் பண்றான்' என்றால் தொல்லை கொடுக்கிறான். எனக்கு இது தெரிந்ததும் பல வருடமாக ஒரே மாதிரி எழுதிக்கொண்டிருந்த வரியை இரண்டு விதமாக எழுத முடிந்தது.

இதிலிருந்து ஒரு உத்தி கிடைத்தது. உருதுவின் 'ஸ' ஒலிகளில் ஒன்று, இங்கிலீஷ் z மாதிரி ஒலிப்பது, நம் வாயில் 'ஜ' ஆகிவிடுகிறது. 'மஸா' என்றால் சுவை, அதுதான் மஜா. 'ஷ'வும் சில நேரம் அப்படித்தான். குஷ்ஹால் என்றால் சந்தோஷ நிலை, நடுவில் உள்ள 'ஹ' காணாமல் போய் முதலில் குஷால், பிறகு குஜால். இந்த மாற்றத்தை மனதுக்குள் செய்து பார்க்காமல் பிளாட்ஸில் தேடினால் எதுவும் வராது, தளத்தின் மேல்தான் கோபம் வரும். உஷார், தமாஷ், பேமானி, தவுலத்து எல்லாம் இப்படிச் சுலபமாகவே அகப்படும். பேமானி என்பது 'பே' சேர்ந்த ஈமான், அதாவது நேர்மை இல்லாதவன், நம்பிக்கைத் துரோகி. படத்தில் குழந்தையைக்கூட அப்படித் திட்டுகிறார்கள், பாவம். தவுலத்து அரபியில் செல்வம், அரசு. 'இன்னா தவுலத்தா கேக்கிறான் பாரு' என்பதில் அந்தப் பழைய அதிகாரத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

நாஷ்டா இன்னும் வேடிக்கை. பாரசீகத்தில் அதற்கு முதல் பொருள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது. சாப்பிடாமல் இருந்ததன் பெயரே சாப்பாட்டுக்கு வந்துவிட்டது. கையேந்தி பவனில் நின்றுகொண்டு நாஷ்டா தின்கிறவருக்கு இதைச் சொன்னால் 'அதான் துன்றோம்ல' என்பார்.

அக்கப்போருக்குத் தமிழ் லெக்சிகனே போதும். அக்கம்பக்கத்துப் போர் என்று எண்ணத் தோன்றும், அவ்வளவு தமிழாக ஒலிக்கிறது. ஆனால் அது அரபியின் 'அக்பார்'. செய்திகள் என்று பொருள். செய்தி வதந்தியாகி, வதந்தி சண்டையாகிவிட்டது. நம் குடும்ப வாட்சப் குழுக்களைப் பார்க்கும்போது இந்தப் பயணம் ஒன்றும் நீளமானதாகத் தெரியவில்லை.

கஸ்மாலத்துக்கு உருதுப் பக்கம் போகவே வேண்டாம். லெக்சிகனில் 'கசுமாலம்' என்று தேட வேண்டும், 'கஸ்மாலம்' என்று அடித்துவிட்டு இல்லை என்று திரும்பக் கூடாது. சமஸ்கிருதத்தின் கஸ்மலம், அழுக்கு. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், தேரில் சோர்ந்து உட்கார்ந்த அர்ஜுனனிடம் கிருஷ்ணன் வாய் திறந்து சொல்லும் முதல் வாக்கியத்திலேயே 'குதஸ்த்வா கஸ்மலமிதம்' என்று இந்தச் சொல் வருகிறது. அங்கே மன அழுக்கு, சோர்வு. குழாயடியில் எங்கள் ஆயா இதே சொல்லை உரக்கச் சொன்னபோது எதிர்வீட்டுக்காரி வியாச பாரதத்தை நினைத்திருக்க மாட்டாள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன், இந்தத் தளம் எனக்கு அதிகம் பிடித்துப்போனது அங்கேதான். மெட்ராஸ்காரன் பணத்தைப் பணம் என்று சொல்வதே குறைவு. துட்டு, டப்பு, காசு, சல்லி. துட்டு டச்சுக்காரர்களுடையது. அவர்களுடைய சின்னச் செம்பு நாணயம் 'டௌட்'. லெக்சிகனில் மொழிக் குறிப்பு தெளிவாக இருக்கிறது. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் அவர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள், அதாவது மெட்ராஸ் என்ற ஊர் கம்பெனி கைக்கு வருவதற்கு இருபத்தைந்து வருடத்துக்கும் முன்பே. கோட்டை இடிந்துபோனது, கல்லறைகள் மட்டும் கிடக்கின்றன, துட்டு மட்டும் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

டப்பு தெலுங்கு. பிரௌனிலும் பார்க்கலாம், ஆனால் ஹாப்சன்-ஜாப்சனில் பார்ப்பதுதான் சுகம். 20 காசு மதிப்புள்ள சின்னச் செம்பு நாணயம், அதிலிருந்து பொதுவாகப் பணத்துக்கே பெயரானது என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் காசு எவ்வளவு என்று கேட்டால் அதற்கும் அங்கேயே விடை இருக்கிறது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். மெட்ராஸில் கம்பெனி 1818 வரைக்கும் இந்தக் கணக்கில்தான் வரவுசெலவு எழுதியது, பிறகு ரூபாய் வந்தது. ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. 'கையில் டப்பு இல்ல' என்று ஒருவன் சொன்னால் அவன் தனக்கு இல்லை என்று சொல்வது மிகச் சின்ன நாணயம் என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. கூடவே, இங்கிலீஷில் சில்லறை நாணயத்தைக் குறித்த 'கேஷ்' நம் காசுதான், போர்ச்சுகீசியர் வாய் வழியாகப் போனது என்றும், பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் பிறந்த மற்ற 'கேஷ்' வேறு என்றும் பிரித்துக் காட்டியிருப்பார்கள். இரண்டும் பிறகு கலந்துவிட்டன.

ஹாப்சன்-ஜாப்சன் பற்றி ஒரு வார்த்தை. ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் இருவரும் தொகுத்தது, 1886இல் வந்தது. பர்னெல் மெட்ராஸ் சிவில் சர்வீஸ்காரர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், புத்தகம் வெளிவருவதற்குள் இறந்துவிட்டார். தளத்தில் இருப்பது 1903ஆம் வருடப் பதிப்பு. மொஹரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று எழும் குரல் வெள்ளைக்காரச் சிப்பாயின் காதில் விழுந்த விதம்தான் அந்தப் பெயர். அதைத் தேடப் போகாதீர்கள், படிக்கப் போங்கள். 'பட்லர் இங்கிலீஷ்' என்று ஒரு பதிவு உண்டு. மெட்ராஸ் ராஜதானியின் வேலைக்காரர்கள் பேசிய இங்கிலீஷுக்கு இலக்கணமே எழுதியிருப்பார்கள்: 'ஐ டெல்லிங்' என்றால் சொல்லப்போகிறேன், 'ஐ டன் டெல்' என்றால் சொல்லிவிட்டேன். எழுதியவர்களின் தொனியில் துரைத்தனம் இருக்கிறது, படிக்கும்போது பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். ஆனால் கேட்டதைக் கேட்டபடி எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனிக் குறைகள்.

இந்த அகராதிகள் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும். வந்து இறங்கிய பிறகு தெருவில் அது என்ன ஆனது என்பது இவற்றுக்குத் தெரியாது. கிராக்கி நல்ல உதாரணம். ஹிந்தியின் கிராஹக், வாங்குகிறவர். அங்கிருந்து தேவை, விலையேற்றம் என்ற பொருள்கள் வருகின்றன, சரி. ஆனால் என் அப்பா ராயபுரத்தில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியவர், அவருக்குக் கிராக்கி என்றால் வண்டியில் ஏறுகிற ஆள். 'காலையிலேர்ந்து ஒரு கிராக்கி இல்ல' என்பார். காலங்காத்தாலே பேரம் பேசி, கடைசியில் ஏறாமல் போகிறவன் சாவு கிராக்கி. அன்றைய பிழைப்பைச் சாகடித்தவன். பிறகு அது யாரை வேண்டுமானாலும் திட்டும் வசவாகி, கை ரிக்‌ஷா 1973இல் ஒழிக்கப்பட்டு, சைக்கிள் ரிக்‌ஷாவும் தேய்ந்துபோன பின்னும், ஆட்டோவின் குறுக்கே வருகிறவனுக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கதையை எந்த டேப்பில் தேடினாலும் கிடைக்காது. ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த மனிதர்களைக் கேட்டிருந்தால்தான் உண்டு, அகராதிக்காரர்கள் அங்கே போனதாகத் தெரியவில்லை.

மாமூலும் அப்படித்தான். அரபியில் வழக்கமாகச் செய்யப்படுவது. ஹாப்சன்-ஜாப்சன் வழக்கம், வழக்கமான என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. வாரா வாரம் நடைபாதைக் கடையில் கைநீட்டி வாங்கப்படுவது அந்த வழக்கம் என்று நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். புறம்போக்கு என்று தேடினால் வரி விதிக்கப்படாத, சாகுபடிக் கணக்கில் வராத நிலத்தைப் பற்றித் தாசில்தார் பாஷையில் விளக்கம் வரும். எந்தக் கணக்கிலும் சேராத நிலத்தின் பெயரை ஒரு ஆளுக்கு வைத்த தெருவின் கெட்டிக்காரத்தனத்துக்கு அங்கே இடமில்லை.

ஒலியை வைத்துத் தேடுகிறவருக்கும் ஏமாற்றம்தான். 'இஸ்துகினு போ', 'குந்திகினு கீறான்' போன்றவை தனிச் சொற்கள் இல்லை, 'இழுத்துக்கொண்டு', 'குந்திக்கொண்டு' என்பவை தேய்ந்த உருவங்கள். குந்து என்று தேடினால் லெக்சிகனில் கிடைக்கும், நல்ல பழைய தமிழ். 'அப்பால' என்பது அப்பால்தான். மெட்ராஸ் பாஷையில் இருப்பதெல்லாம் இரவல் என்று நினைப்பவர்கள் இவற்றைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் எந்தச் சொல் எந்தச் சொல்லின் தேய்வு என்று முன்கூட்டியே தெரிந்தவருக்குத்தான் தளம் உதவும். எழுத்துப் பிழையை மன்னிக்கிற வழக்கமும் கிடையாது. கூகுள் பழக்கத்தில் 'இதைத்தான் தேடினீர்களா' என்று கேட்கும் என எதிர்பார்த்துக் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். போனில் பார்ப்பதற்கு வசதி என்று சொல்ல மாட்டேன். நீளமான பதிவுகளைப் படிக்கக் கணினிதான் தோது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் ஏன் இதையே கட்டிக்கொண்டு அழுகிறேன் என்றால், மாற்றாகக் கிடைப்பது அப்படி இருக்கிறது. மெட்ராஸ் சொற்களின் பூர்வீகம் என்று ஒரு பட்டியல் வருடத்துக்கு ஒருமுறை வாட்சப்பில் வலம் வரும், எல்லாவற்றுக்கும் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கதையோடு. டுபாக்கூர் என்பது துபாஷியிலிருந்து வந்தது என்று அதில் அடித்துச் சொல்லியிருப்பார்கள். துபாஷி இரண்டு மொழி தெரிந்தவர், வெள்ளை வியாபாரிக்கும் உள்ளூர்க்காரருக்கும் நடுவில் நின்று சம்பாதித்தவர். ஹாப்சன்-ஜாப்சனில் அவருக்கு நல்ல பதிவு இருக்கிறது. ஆனால் அவரிடமிருந்து டுபாக்கூருக்குப் போட ஒரு பலகைகூட அங்கே இல்லை. 'டு' இருக்கிறது, கமிஷன் அடித்தவர் என்ற கெட்ட பெயர் இருக்கிறது, போதும், கதை கட்டியாகிவிட்டது. இந்தத் தளத்தின் பெரிய உபகாரமே இதுதான் என்று சொல்வேன். ஆதாரம் இல்லாத இடத்தில் அது வெறும் பக்கத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? நாவல், நாடகம், வெப் சீரீஸ் என்று பழைய சென்னையை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும். 1930களில் நடக்கிற கதையில் ஒருவன் பேசும் சொல் அன்றைக்குப் புழக்கத்தில் இருந்ததா என்று ஓரளவுக்குச் சரிபார்க்க லெக்சிகனை விட்டால் எளிய வழி இல்லை. பள்ளிக்கூடத் தமிழாசிரியர்களுக்கும் பரிந்துரைப்பேன், பையன் 'நாஷ்டா' என்று எழுதினால் சிவப்பு மையில் சுழிப்பதற்கு முன்னால் ஒருமுறை தேடிப் பார்க்கட்டும். பீட்டர் விடுவது மாதிரி அண்மைக் காலத்துச் சொற்களைத் தேடுகிறவர்கள் வர வேண்டாம். 1939க்குப் பிறகு வந்த சொல்லுக்கு லெக்சிகனில் வேலையே இல்லை. அதற்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பார்க்கலாம், 2020இல் வந்த பதிப்பு என் மேசையிலேயே இருக்கிறது. அது எழுத்துத் தமிழை முதன்மையாக வைத்தது என்பதால் வசவுகளுக்கு அவ்வளவாக உதவாது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று சாவு கிராக்கிக்காக. புதிதாகப் போகிறவர்கள் தலைச்சொல்லில் மட்டும் தேடாமல், முழுப் பதிவுக்குள்ளும் தேடும் வசதியைப் பயன்படுத்துங்கள். லெக்சிகனில் வந்த உருதுச் சொற்களை அந்த வழியில் நூல் பிடித்துக்கொண்டே போகலாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள், தூங்கப் போக முடியாது.